வசந்தம் இல்லாத மலையில் உயிர்த்த ஞாயிறு

கண்டியில் வசந்தம் என்றொரு பருவம் கிடையாது. மாசி பிறந்ததும் மழை விட்டுவிடும். ஹந்தானைச் சரிவில் மானாப்புல் காய்ந்து கிடக்கும். எங்காவது ஒரு பொறி விழுந்தால் இரவெல்லாம் மலை எரியும். குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும். பங்குனிக் கடைசியில் ஒருநாள் பிற்பகலில் வானம் திடீரென்று கறுத்து, இடி இடித்து, அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கும். மறுநாளும் ஏறக்குறைய அதே நேரத்துக்கு வரும். முள்முருங்கை இலையை உதிர்த்துவிட்டுச் செக்கச் செவேலென்று பூத்து நிற்கும். விடியுமுன்னே குயில் கூவத் தொடங்கிவிடும். அயல் வீடுகளில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கிற இந்த நாட்களில்தான் எங்களுக்குப் பெரிய வாரம் வருகிறது.

நான் அம்பிட்டியவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிறந்தது தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். உயிர்த்த ஞாயிறைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்போது கிடைக்கிற படங்களில் எல்லாம் பச்சைப் புல்வெளியும் முயலும் வண்ண முட்டைகளும்தான் இருக்கும். ஐரோப்பாவில் அது பொருத்தமே. அங்கே அந்த நேரம் பனி உருகி இலை துளிர்க்கிறது. தவக்காலம் முழுக்க முட்டை தின்னாமல் ஒதுக்கி வைத்தவர்கள், பண்டிகையன்று அதற்கு நிறம் பூசிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். இப்போது கண்டிக் கடைகளிலும் சாக்லேட் முட்டைகள் வந்துவிட்டன. பிள்ளைகள் தின்னட்டும், எனக்கு வருத்தமில்லை. என் வருத்தமெல்லாம், இந்த மலைக்கே உரிய பெரிய வாரம் ஒன்று இருக்கிறது, அது நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறதே என்பதுதான்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். விபூதிப் புதனன்று தவக்காலம் தொடங்கும். போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலைக் குருவானவர் நெற்றியில் பூசுவார். அதிலிருந்து, ஞாயிறுகளைக் கழித்து, 40 நாள். கடைசி வாரம்தான் பெரிய வாரம். இயேசு எருசலேமுக்குள் நுழைந்ததைக் குருத்தோலை ஞாயிறும், சீடர்களின் கால்களைக் கழுவி அவர்களோடு கடைசியாக உண்டதைப் பெரிய வியாழனும், சிலுவையில் இறந்ததைப் பெரிய வெள்ளியும் நினைவுகூரும். சனி இரவு பாஸ்காத் திருவிழிப்பு. அதற்குள் உயிர்ப்பு வந்துவிடும்.

திகதி ஏன் வருடத்துக்கு வருடம் மாறுகிறது என்று பலரும் கேட்பார்கள். நிலவைப் பார்த்துக் குறிக்கிற நாள் அது. மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு உயிர்த்த ஞாயிறு. ஆகவே மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். பெரிய வாரத்தில் நிலா எப்போதும் நிறைந்தோ, நிறைவுக்குப் பக்கத்திலோ இருக்கும். இலங்கையிலோ பௌர்ணமிதோறும் போயா விடுமுறை. வெள்ளை உடுத்து, தாமரையும் நீலோற்பலமும் ஏந்தித் தலதா மாளிகைக்குச் சனம் போகும். இறைச்சிக் கடையும் சாராயக் கடையும் பூட்டியிருக்கும். எங்கள் பெரிய வெள்ளியிலும் இறைச்சி இல்லை. பெரியவர்கள் ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி பிடிப்பார்கள், மற்றவர்கள் இறைச்சி சேர்க்காத சுத்தபோசனம். 2019-இல் ஏப்ரல் மாதப் பௌர்ணமியான பக் போயாவும் பெரிய வெள்ளியும் ஏப்ரல் 19-ஆம் திகதி ஒரே நாளில் வந்தன. மாளிகைக்குப் போகும் வெள்ளையுடைக் கூட்டமும் சிலுவைப்பாதைக்குப் போகும் எங்கள் கூட்டமும் ஒரே தெருவில் எதிரெதிரே நடந்தோம்.

அதைவிட என் நெஞ்சில் நிற்பது 2022. ஏப்ரல் 14 வியாழக்கிழமை சித்திரைப் புத்தாண்டு, அன்றே பெரிய வியாழன். 15 பெரிய வெள்ளி. 16 போயா. 17 உயிர்த்த ஞாயிறு. முஸ்லிம்களுக்கு அது நோன்பு மாதம். நாடு கிடந்த கிடையோ சொல்லி மாளாது. சமையல் எரிவாயு இல்லை, பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து விறகு எரிந்தது. பெரிய வெள்ளி மாலையில் நோன்பு திறந்த கையோடு பக்கத்து முஸ்லிம் வீட்டு மருமகள் ஒரு வாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். "டீச்சர், இதுல எறச்சி போடல்ல. ஒங்களுக்கு இன்டக்கி கூடாதுதானே" என்றாள். எதிர்வீட்டுச் சிங்கள அம்மா புத்தாண்டுப் பலகாரத் தட்டை வெள்ளிக்கிழமை அனுப்பாமல் வைத்திருந்து, ஞாயிறு விடிந்ததும் கொக்கிஸும் கொண்டைப் பணியாரமுமாக அனுப்பினார். நாங்கள் எப்போது துக்கம் காக்கிறோம், எப்போது அதை முடிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இது ஒரு நாளில் வந்த பழக்கம் இல்லை.

கண்டியில் கத்தோலிக்கர்களின் கதை சிறையில்தான் தொடங்குகிறது என்று சொல்லலாம். 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, கத்தோலிக்கக் குருக்களைக் கரையோரத்திலிருந்து துரத்தினார்கள். பல ஆண்டுகள் மேய்ப்பர் இல்லாமல் சனம் ஒளிந்து செபித்தது. 1687-இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார் யோசேப் வாஸ் அடிகள், வெறுங்காலோடு. 1692-இல் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேய உளவாளி என்று அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையில் போட்டான். சிறைக்குள்ளேயே ஒரு குடிலைக் கட்டிக்கொண்டு பூசை செய்தார். 1696-இல் கடும் வறட்சி. மழை கேட்டுச் செபிக்கும்படி அரசன் சொல்ல, வாஸ் வெளியில் பீடமும் சிலுவையும் நாட்டி மண்டியிட்டார் என்றும், மழை கொட்டியபோது அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்றும் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அதன்பின் அரசன் அவரைத் தன் நாட்டில் எங்கும் போய்ப் போதிக்க விட்டான். அடுத்த ஆண்டு பெரியம்மை வந்தது. வசதியுள்ளவர்கள் ஊரை விட்டு ஓட, நோயாளிகளின் புண்ணைக் கழுவியும் இறந்தவர்களைப் புதைத்தும் கண்டியில் நின்றவர் அவர். 1711 ஜனவரி 16 அன்று இங்கேயே இறந்தார். அவர் கல்லறை எங்கே இருக்கிறது என்று இன்று யாருக்கும் தெரியாது.

பௌத்த அரசன் ஒருவன் மழைக்காக ஒரு கத்தோலிக்கக் குருவிடம் கேட்டதைப் பங்குனி வறட்சியில் நினைத்தால்தான் அதன் கனம் விளங்கும். பெரிய வெள்ளி வழிபாடு பிற்பகல் மூன்று மணிக்கு. எங்கள் மலையில் இடிமழை வருகிற நேரமும் அதுதான். சிலுவையை முத்தமிட வரிசையில் நிற்கும்போது கூரைத் தகரத்தில் மழை விழத் தொடங்கினால், அருகில் நிற்கும் கிழவிகள் மெல்லத் தலையாட்டிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் உயிர்ப்புக்கு அடையாளம் கேட்டால் நான் மழையைத்தான் காட்டுவேன்.

வாஸ் அடிகளுக்குப் பின்னால் 1705-இல் கோவாவிலிருந்து வந்தவர் ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். சிங்களத்தையும் தமிழையும் படித்து, இரண்டிலும் ஏராளமாக எழுதினார். 1742-இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். அவர் தமிழில் செய்த வியாகுலப் பிரசங்கம் இயேசுவின் பாடுகளைச் சொல்லிப் புலம்புகிற நூல். இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாகத் தவக்காலத்தில் அதை இராகம் போட்டுப் படித்து வந்திருக்கிறார்கள்.

என் அப்பாயிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வியாகுலம் பக்கம் பக்கமாகத் தெரியும்.

எங்கள் தோட்டத்துக்குக் குருவானவர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் உபதேசியார்தான் எல்லாம். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில், சாணம் மெழுகிய தரை, ஒரு பாடுபட்ட சுரூபம், ஒரு அந்தோனியார். தவக்கால வெள்ளி மாலைகளில் கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையை லயத்தில் போட்டுவிட்டு, காலில் ஒட்டிய அட்டையைக்கூடச் சரியாகப் பிடுங்காமல் பெண்கள் நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை மேல் மலை வரைக்கும் போகும். பதினான்கு தலங்களுக்கும் பதினான்கு சிலுவை வேண்டும். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துச் சணல் கயிற்றால் கட்டி நாங்கள் பிள்ளைகள் பாதையோரம் நட்டு வைப்போம். தேயிலைக் குச்சி கோணல் மாணலாகத்தான் இருக்கும். நேரான ஒன்று கிடைத்தால் அதைப் பன்னிரண்டாம் தலத்துக்கென்று எடுத்து வைப்பார் உபதேசியார். இயேசு உயிர்விடும் தலம் அது.

அந்தப் பாதையில் ஏறும்போது மூச்சு வாங்கும். நாள் முழுக்க அதே சரிவில் கூடை சுமந்தவர்கள்தான் அன்று பெரிய மரச்சிலுவையையும் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமப்பார்கள். மூன்று முறை விழுந்தார் என்று உபதேசியார் படிக்கும்போது, அவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

உச்சியில் சுரூபத்தை இறக்கி வெள்ளைத் துணி விரித்த பலகையில் கிடத்துவார்கள். அப்போது அப்பாயி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் போய் உட்காருவாள். மற்றப் பெண்கள் சுற்றி அமர்வார்கள். மாதாவின் வாயிலிருந்து வருவதாக அந்தப் புலம்பல் தொடங்கும். செத்த வீட்டில் எந்த இராகத்தில் அழுவார்களோ அதே இராகம்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று தோட்டத்தில் யார் யார் உண்டோ அவர்கள் குரல் அந்த நேரம் தனியாகக் கேட்கும். திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சேலத்திலிருந்தும் மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்து, கோப்பித் தோட்டங்களிலும் பிறகு தேயிலைத் தோட்டங்களிலும் செத்துப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்கள் மலைக்கு அடுத்த லூல்கந்துரவில்தான் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டத்தைப் போட்டார். அவருக்குக் கல்லறையும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. நடந்து வந்து வழியிலே விழுந்தவர்களுக்கு அந்தப் பெரிய வெள்ளி ஒப்பாரியாவது கிடைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

தோட்டங்களில் புரட்டஸ்தாந்து சபையாரும் உண்டு. 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களைக் கோப்பித் தோட்டங்களுக்கு அனுப்பியது. அவர்கள் வழியில் வந்த குடும்பங்கள் எங்கள் லயத்திலும் இருந்தன. பெரிய வெள்ளியில் அவர்கள் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள், நாங்கள் மலையேறுவோம். கஞ்சி மட்டும் எல்லோருக்கும் ஒரே அண்டாவில்.

அந்தக் கஞ்சி பச்சரிசியும் பாசிப்பயறும் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, உப்பு மட்டும் சேர்த்தது. இரவுக்கு வீட்டில் மரவள்ளிக் கிழங்கு அவித்து, பச்சை மிளகாய்ச் சம்பல் அரைப்பார்கள். மலையகத்துச் சிறுபிள்ளைகளைப் பசியிலிருந்து காத்த அந்தக் கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்து, இங்கேயே பிறந்ததுபோல வேரூன்றிவிட்டது. பரகுவே நாட்டில் பெரிய வாரத்தின் புதன்கிழமை ஒவ்வொரு வீட்டிலும் மரவள்ளி மாவில் சீஸும் முட்டையும் சோம்பும் சேர்த்துப் பிசைந்து, களிமண் அடுப்பில் சீப்பா என்னும் ரொட்டியைச் சுடுகிறார்கள். பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் சேர்ந்து பிசைவார்கள். பெரிய வெள்ளியன்று அடுப்பு மூட்டாமல் அதைத்தான் தின்பார்கள். எக்குவடோர் நாட்டில் பன்னிரண்டு தானியமும் பருப்பும் பூசணியும் பாலும் உப்புக் கருவாடும் சேர்த்துப் பனெஸ்கா என்றொரு கூழ் காய்ச்சுகிறார்கள். பன்னிரண்டு சீடர்களுக்காகப் பன்னிரண்டு தானியம் என்பார்கள்.

பரகுவேயைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அங்கேயும் உயிர்த்த ஞாயிறு வசந்தத்தில் வருவதில்லை. பூமியின் தென்பாதி என்பதால் மார்ச், ஏப்ரல் அவர்களுக்கு இலையுதிர் காலம். மிசியோனேஸ் பகுதியில் சான் இக்னாசியோவுக்குப் பக்கத்தில் தஞ்ஞராந்தி என்று ஒரு சிற்றூர். 1992-இல் கோக்கி ரூயிஸ் என்ற ஓவியர் அங்கே பெரிய வெள்ளி இரவுக்கு ஒரு வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். கசப்பு நாரத்தையை இரண்டாக வெட்டி, சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, ஓட்டுக்குள் கொழுப்பை ஊற்றித் திரி போட்டு விளக்காக்குவார்கள். ஊர் மக்கள் ஆயிரமாயிரமாக அவற்றைச் செய்து மண்பாதையின் இரு பக்கமும் வைப்பார்கள். வியாகுல மாதாவின் சுரூபம் அந்த வெளிச்சத்தின் நடுவே போகும். பழைய துக்கப் பாடல்களைப் பாடிக்கொண்டு ஆண்கள் பின்னால் நடப்பார்கள். மின்சாரத்தில் ஆயிரம் பல்பு போட ஊரால் முடியும். அவர்கள் நாரத்தை ஓட்டைத்தான் தேர்ந்தார்கள். 2022-இல் மின்வெட்டோடு வந்த பெரிய வெள்ளியில் தேங்காய்ச் சிரட்டையில் எண்ணெய் ஊற்றி எங்கள் ஒழுங்கையில் விளக்கு வைத்தபோது எனக்கு அந்த ஊரின் நினைப்புத்தான்.

பெருவில் ஆயகூச்சோ என்ற மலைநகரம் இருக்கிறது. அதன் பெரிய வாரம் தென் அமெரிக்கா முழுக்கப் பேர்போனது. தெருக்களில் பூவால் கம்பளம் போடுவார்கள். உயிர்த்த ஞாயிறு விடியுமுன், அடுக்கடுக்காக வெள்ளை மெழுகுதிரி குத்திய பிரம்மாண்டமான கூர்ங்கோபுரத் தேரை நூற்றுக்கணக்கானவர்கள் தோள்கொடுத்துப் பேராலயத்திலிருந்து வெளியே எடுப்பார்கள். உச்சியில் உயிர்த்த இயேசு. அதே ஆயகூச்சோ மாநிலத்தில்தான் 1980-இல் பெருவின் உள்நாட்டுப் போர் தொடங்கியது. உண்மை ஆணைக்குழு பின்னர் கணித்தபடி ஏறக்குறைய 69,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கெச்சுவா பேசும் மலைவாழ் ஏழைகள். இலங்கைத் தமிழருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. அந்த ஊர் தேரை எடுப்பதை விட்டுவிடவில்லை என்பதுதான் என் கண்ணை நனைக்கிறது.

பரகுவேயின் தேசிய மலரும் எங்கள் வேலியிலேயே இருக்கிறது, கிட்டத்தட்ட. எங்களிடம் இருப்பது அதன் உடன்பிறப்பான கொடித்தோடை. பேஷன் புரூட் என்று கடையில் சாறு விற்கிறார்களே அதே கொடி. தெற்குப் பிரேசில், பரகுவே, வட ஆர்ஜென்டீனா அதற்குத் தாய்மண். பங்குனி சித்திரையில் எங்கள் வேலியில் அது பூக்கும்போது மறைக்கல்விப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுவேன். பூவைக் கையில் பிடித்துக் கிட்டப் பார்க்க வேண்டும். அடியில் பத்து வெள்ளை இதழ்கள். அவற்றின்மேல் வட்டமாக முடிமுடியாய்ச் சுருண்ட நூல்கள், அடியில் ஊதா, நுனியில் வெள்ளை. நடுவில் ஒரு தண்டு எழும்பி, அதிலிருந்து ஐந்து மகரந்தப் பைகள் கீழ்நோக்கித் தொங்கும். அதற்கும் மேலே மூன்று சூல்முடிகள், தலை பருத்த ஆணிகளாய் விரிந்திருக்கும். தென் அமெரிக்காவுக்குப் போன துறவிகள் இந்தப் பூவைப் பார்த்து அசந்துபோனார்கள். நூல்வட்டம் முள்முடி, ஐந்து பைகள் ஐந்து காயங்கள், மூன்று முடிகள் மூன்று ஆணிகள், பற்றிப் படரும் சுருள் சாட்டை. பத்து இதழ்கள் பத்துச் சீடர்கள். மறுதலித்த பேதுருவையும் காட்டிக்கொடுத்த யூதாசையும் கழித்துவிட்டார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பாடுகளைச் சொல்லிக்கொடுக்க அந்தப் பூ ஒரு புத்தகமாயிற்று. என் வகுப்பில் ஒரு சிறுமி பேதுருவுக்காக வாதாடினாள்: "அவரு அழுதுட்டாரே டீச்சர், அவரையும் சேக்கணும்." அவள் சொன்னது நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

நகரத்துக்கு வருவோம். தலதா மாளிகைக்கும் நாத தேவாலயத்துக்கும் ஒட்டினாற்போல் செங்கல் நிறத்தில் நிற்கிறது அங்கிலிக்கன் சபையின் புனித பவுல் ஆலயம். பிரிட்டிஷ் காலத்துக் கோயில். பெரிய வெள்ளி வழிபாடு முடிந்து வெளியே வருகிறவர்கள், சற்று நேரத்தில் மாளிகையின் மாலைப் பூசை மேளத்தைக் கேட்கலாம். கண்டி மறைமாவட்டத்தின் பேராலயம் புனித அந்தோனியாருடையது. 1886-இல் அமைந்த மறைமாவட்டம் இது. கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்கள் இதற்குள் அடக்கம். குருத்தோலை ஞாயிறன்று தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் மாறி மாறி வரும். குருத்தோலையில் சிலுவை பின்னுவதில் ஒரு போட்டி நடக்கும், யாரும் வெளியில் சொல்லாத போட்டி. பின்னிய சிலுவையை வீட்டு வாசல் நிலையில் செருகிவைப்போம். அது காய்ந்து பழுத்து அடுத்த விபூதிப் புதனுக்குச் சாம்பலாகப் போகும்வரை அங்கேயே இருக்கும்.

அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு மேலே குன்றில் குருமடம். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகச் சேர்த்து 1893-இல் இங்கே ஒரு குருமடத்தை நிறுவினார். தமிழ்நாட்டின் பல மறைமாவட்டங்களிலிருந்து இளைஞர்கள் கப்பலேறி வந்து இந்தக் குன்றில்தான் படித்தார்கள். 1955-இல் அது பூனாவுக்குப் போயிற்று. இன்று இங்கே இலங்கையின் தேசியக் குருமடம் நடக்கிறது.

பெரிய வாரத்தில் கண்டிக்கு வருகிறவர்கள் திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்துக்கு அனுமதி கேட்டு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். 1920களில் கட்டத் தொடங்கியது. கண்டிய மரபில், செதுக்கிய கருங்கல் தூண்களோடு, பக்கச் சுவரில்லாமல் காற்றோட்டமாக இருக்கும். அதன் சுவரோவியங்கள் டேவிட் பெயின்டர் (1900–1975) தீட்டியவை. தந்தை ஆங்கில மிஷனரி, தாய் சிங்களவர். ஓர் ஓவியத்தில் இயேசு குனிந்து சீடரின் கால்களைக் கழுவுகிறார். அந்தச் சீடர்களின் மேனி நம் மேனி நிறம். சிலுவை ஓவியத்துக்குப் பின்னணி இந்த நாட்டு நீரோரத்துக் கண்டல் மரங்கள். முயலும் பனியும் இல்லாத உயிர்ப்பைத் தேடிய முதல் ஆள் நான் இல்லை என்று அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்குத் தைரியம் வரும்.

2019 ஏப்ரல் 21-ஐச் சொல்லாமல் இலங்கையில் உயிர்த்த ஞாயிறைப் பற்றி எழுத முடியாது. கொழும்பு கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள் என்று இஸ்லாமியத் தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுகள் அன்று வெடித்தன. 260-க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். புது உடுப்பு உடுத்திக் காலைப் பூசைக்குப் போன பிள்ளைகள் அவர்களில் பலர். கண்டியில் நாங்கள் கோயில் வாசலிலேயே செய்தியைக் கேட்டோம். அடுத்த ஞாயிறு நாடு முழுக்கக் கோயில்கள் பூட்டிக் கிடந்தன. கொழும்புப் பேராயரின் பூசையைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். அந்தக் கிழமைகளில் எங்கள் ஒழுங்கை முஸ்லிம் குடும்பம் வெளியே தலைகாட்டவே அஞ்சியது. ஓராண்டுக்கு முன்தான், 2018 மார்ச்சில், திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்திருந்தன. பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் கோயிலுக்குப் போகிறவர்களும் ஒருவரையொருவர் பார்க்கக் கூசாமல் இருக்க வேண்டும் என்பதற்காக எங்கள் பங்குப் பெண்கள் சிலர் வீடு வீடாகப் போய்ப் பேசினோம். மூன்று வருடம் கழித்து வந்த அந்த இறைச்சி போடாத கஞ்சிக்குப் பின்னால் இந்தப் பேச்சும் இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறுக்கும் வாசலில் பொலிஸார் நிற்கிறார்கள், பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். சனி இரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு முற்றத்தில் புது நெருப்பு மூட்டுவார்கள். அந்த நெருப்பில் பாஸ்காத் திரியைக் கொளுத்தி, இருட்டுக் கோயிலுக்குள் கொண்டுபோவார் குருவானவர். ஒரு திரியிலிருந்து ஒரு திரி என்று வெளிச்சம் பின்வரிசைவரை வரும். வியாழன் இரவிலிருந்து அடிக்காமலிருந்த மணி வானவர் கீதம் தொடங்கும்போது ஒரேயடியாக அடிக்கும். கட்டுவாப்பிட்டியில் உறவைப் பறிகொடுத்த குடும்பம் ஒன்று எங்கள் பங்கில் இருக்கிறது. மணி அடிக்கும்போது அவர்கள் பக்கம் நான் பார்ப்பதில்லை. பூசை முடிந்ததும் போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன்.

யோசேப் வாஸ் அடிகளைப் புனிதர் என்று அறிவித்தவர் ஆர்ஜென்டீனாவில் பிறந்த திருத்தந்தை பிரான்சிஸ். 2015 ஜனவரி 14, கொழும்பு காலிமுகத்திடலில். அதே நாள் பிற்பகலில் மடு மாதா திருத்தலத்துக்கும் போனார். போரில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் அங்கே அவரைப் பார்க்கக் காத்திருந்தார்கள். பத்து வருடம் கழித்து, 2025-இல், உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் காலை அவர் இறந்தார். அன்றும் ஏப்ரல் 21.

பண்டிகை ஞாயிறோடு முடிந்துவிடுவதில்லை. சிலி நாட்டில் அடுத்த ஞாயிறை குவாசிமோதோ என்று கொண்டாடுவார்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் குருவுக்குத் துணையாக, தலையில் துணி கட்டி, வெள்ளையும் மஞ்சளுமாய்ப் போர்வை அணிந்து, குதிரைகளில் ஊரே கிளம்பும். ஒரு காலத்தில் வழிப்பறிக் கள்ளரிடமிருந்து குருவைக் காக்கப் புறப்பட்ட காவல் அது. எங்களிடம் குதிரை இல்லை. தெல்தோட்டை பஸ் இருக்கிறது. அந்தக் கிழமையில் ஒரு சகோதரியும் இரண்டு இளைஞர்களும் நானும் கலஹா தாண்டிப் போய், கோயிலுக்கு வர முடியாத கிழவர் கிழவிகளுக்கு நற்கருணை கொடுத்துவிட்டு வருவோம்.

போன முறை ஒரு லயத்துக் கடைசிக் காம்பிராவில் கட்டிலோடு கிடக்கும் ஒரு பாட்டியிடம் போனோம். என் அப்பாயியோடு கொழுந்து பறித்தவர். நற்கருணை வாங்கி, கண்மூடிச் செபித்து முடித்ததும் கேட்டார்: "இந்த வருசம் வியாகுலம் யாரு சொன்னது?"

"நாங்கதான் பாட்டி."

"முழுசா சொன்னீங்களா?"

"இல்ல பாட்டி. கொஞ்சந்தான் தெரியும்."

எழுப்பி உட்காரவைக்கச் சொன்னார். முதுகுக்குத் தலையணை வைத்தோம். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எங்களுக்குத் தெரியாத இடத்திலிருந்து பிடித்தார். எங்களோடு வந்த பையன் கைபேசியில் பதிவு செய்தான். பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம். இப்போது அதைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தேய்ந்து கேட்கிற இடங்களுக்காக இன்னொரு முறை அவரிடம் போக வேண்டும். விபூதிப் புதனுக்குள் எழுதி முடித்தால், மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு இராகத்தோடு பழக்க நாற்பது நாள் கிடைக்கும்.